மூணாவது ஜன்னல்

என் சகலை விமான நிலையத்தில் இருபத்து மூன்று வருஷமாக வேலை பார்க்கிறார். இதுவரை ஒரு விமானத்திலும் கால் வைத்ததில்லை. அதைப் பெருமையாகத்தான் சொல்வார். "மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் திங்கிறானா சகலை?" என்று கேட்பார். தின்பான். எனக்குத் தெரிந்த மிட்டாய்க் கடைக்காரருக்கு மூன்று பல்தான் மிச்சம். ஆனால் மனைவியின் அக்கா புருஷனை எதிர்த்துப் பேசினால் என் வீட்டில் சாப்பாடு ஆறிப்போய் வரும் என்பதால் வாயை மூடிக்கொள்வேன்.

இப்போது அவர் தள்ளுவண்டிப் பிரிவில் இருக்கிறார். பயணிகள் கண்ட கண்ட இடத்தில் விட்டுவிட்டுப் போகிற வண்டிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளமாகத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். அதற்கு முன்னால் பார்வையாளர் மாடத்தில் இருந்தார். அப்படி ஒன்று இருந்தது என்பதையே இன்றைக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய கட்டடத்தின் மொட்டை மாடி. ஏற முப்பத்தொரு படி. இடுப்பு உயரத்துக்குக் கம்பி. இரண்டு சிமென்ட் பெஞ்சு. இரண்டு தண்ணீர்க் குழாய், அதில் ஒன்றில் தண்ணீரும் வரும். வழியனுப்ப வந்தவர்களும், வேறு போக்கிடம் இல்லாதவர்களும் சீட்டு வாங்கிக்கொண்டு மேலே வந்து நின்று விமானம் கிளம்புவதைப் பார்க்கலாம். வாசலில் உட்கார்ந்து சீட்டைக் கிழித்துக் கொடுப்பது சகலையின் உத்தியோகம். விமான நிலையத்தில் எல்லோருக்கும் அவர் கேலரிக்காரர்.

சீட்டுக் கிழிப்பதை ஒரு வேலை என்று சொல்ல அவருக்கே கூச்சம்தான். அவருடைய அசல் வேலை, கிழித்த பிறகு ஆரம்பிக்கும். பயணிகள் தரையில் நடந்து போய்ப் படியேறி விமானத்துக்குள் நுழைகிற வரைக்கும் பிரச்சினை இல்லை, யார் யார் என்று தெரியும். உள்ளே போய்விட்டால் போச்சு. மேலே நிற்கிற அம்மா, அப்பா, பெரியம்மா எல்லோரும் சகலையைச் சுற்றிக்கொள்வார்கள். "எங்க பையன் எங்க உக்காந்திருக்கான்னு தெரியுதாங்க?"

சகலை உடனே பதில் சொல்ல மாட்டார். உடனே சொன்னால் நம்ப மாட்டார்களாம். நெற்றியில் கையை வைத்து, கண்ணைச் சுருக்கி, விமானத்தை வாலிலிருந்து மூக்கு வரைக்கும் ஒருமுறை பார்ப்பார். பிறகு சொல்வார். "இறக்கைக்கு முன்னாடி மூணாவது ஜன்னல். கைய ஆட்டுறார் பாருங்க."

அத்தனை பேரும் பார்ப்பார்கள். பார்த்தேன் என்று சத்தியமும் செய்வார்கள். "அழுறானா?" என்று அம்மா கேட்பாள். "இல்லம்மா, சிரிக்கிறார்" என்பார் சகலை. அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு படியிறங்குவாள்.

"அவ்வளவு தூரத்துல எப்படிங்க தெரியுது?" என்று ஒருநாள் நானே வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

"ஒரு மண்ணும் தெரியாது சகலை. வெயில் பட்டா ஜன்னல் எல்லாம் வெறும் பளபளப்பு."

"அப்புறம் மூணாவதுன்னு சொல்றீங்க?"

"முதல் ஜன்னல்னு சொன்னா வாய்க்கு வந்ததைச் சொல்ற மாதிரி இருக்கும். ரெண்டுன்னா சந்தேகம் வரும். மூணுன்னாதான் எண்ணிப் பாத்துச் சொன்ன மாதிரி இருக்கும். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

இந்தத் தொழில் ரகசியத்தை அவர் குடும்பத்தோடு சாப்பிடும்போது சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அண்ணி, அதாவது அவர் மனைவி, முகத்தைத் திருப்பிக்கொள்வார். "ஊரான் வீட்டு அம்மாக்காரிகளை ஏமாத்துறதுல என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?" என்பார். அண்ணி கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற பட்டறையில் வேலை செய்கிறவர். ஒரு தையல் கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைக்கிற ஆள். பொய்யும் அவருக்குக் கோணல் தையல்தான்.

ஒரே ஒரு தடவை சகலை வசமாக மாட்டிக்கொண்டார். பழக்கதோஷத்தில், பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு குடும்பங்களுக்கும் மூணாவது ஜன்னலையே காட்டிவிட்டார். ஒரு வீட்டில் போனது மாப்பிள்ளை, இன்னொரு வீட்டில் போனது எழுபது வயதுப் பெரியவர். "அது எங்க மாப்பிள்ளை!" "கண்ணைத் தொடைச்சிட்டுப் பாருங்க, அது எங்க அப்பா!" என்று கைகலப்பு வரைக்கும் போய்விட்டது. சகலை நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து சீட்டுங்க. பேச ஆரம்பிச்சுட்டாங்க, பாருங்க" என்றார். உடனே இரண்டு குடும்பமும் சிரித்து, கீழே போய்ச் சேர்ந்து டீ குடித்தார்கள். அன்றைக்கு அந்த விமானத்தில் மாப்பிள்ளை கடைசி வரிசை, பெரியவர் முதல் வரிசை என்று பின்னால் தெரியவந்தது. அதெல்லாம் யாருக்கு வேண்டும்?

இத்தனை வருஷத்தில் அண்ணி மட்டும் அந்த மாடத்தில் ஏறியதே இல்லை. "பறக்குற பஸ்ஸைப் பாக்க நான் எதுக்கு இந்த முட்டிய வச்சுக்கிட்டு முப்பத்தோரு படி ஏறணும்? என் பொண்ணு என்னிக்குப் போறாளோ அன்னிக்கு வரேன்" என்பார். அப்போது பெண்ணுக்கு நாலு வயது. சும்மா சொன்ன பேச்சு. ஆனால் அண்ணி சும்மா எதையும் சொல்கிறவர் இல்லை. பெண் வளர்ந்து, பல் செட்டு செய்கிற படிப்புப் படித்து, தூர தேசத்தில் வேலை கிடைத்து, போனால் மூன்று வருஷத்துக்கு வர முடியாது என்று கடிதம் வந்த அன்றைக்கு, அண்ணி கேட்ட முதல் கேள்வி: "உங்க மாடியிலருந்து அவ ஏறுறது தெரியும்ல?"

"தெரியுமாவா? முன் வரிசையில உன்னை நிறுத்துறேன்" என்றார் சகலை.

முன் வரிசைதான் அதற்குள் காணாமல் போய்க்கொண்டிருந்தது. எங்கள் விமான நிலையம் வளர்ந்துகொண்டிருந்தது, பாருங்கள். அது வளர வளர, மாடம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக ஆனது. முதலில், மேலேயிருந்து யாராவது விமானத்தின் மேல் எதையாவது எறிந்துவிடுவார்கள் என்று கம்பிவலை அடித்தார்கள். அதுவரை விழுந்தது ஒரே ஒரு செருப்பு, அதுவும் விமானம் இல்லாத நேரத்தில். பிறகு சத்தம் கேட்கிறது என்று வலைக்கு முன்னால் கண்ணாடி வைத்து, மேலே கூரையும் போட்டார்கள். விமானம் பார்க்க வந்த இடத்தில் விமானச் சத்தம் கேட்பதாகப் புகார் எழுதிய புண்ணியவான் யாரோ தெரியவில்லை. பிறகு பாதி இடத்தை ஏசி இயந்திரங்களுக்குக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு பலகை வந்தது: 'தரைப் பணியாளர்களின் கவனம் சிதறுவதால், பார்வையாளர்கள் கையசைப்பதைத் தவிர்க்கவும்.' சகலை அந்தப் பலகைக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களை நன்றாகக் கையாட்டச் சொல்வார்.

அப்புறம் புதிதாக ஒரு அதிகாரி வந்தார். எல்லோரும் அவரை அனுபவம் சார் என்பார்கள். வேலையில் அனுபவம் உண்டா என்று கேட்காதீர்கள். வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் விழும், அதனால் வந்த பெயர். கழிப்பறைக்குப் போகிறவன் பெறுவதும் அவர் கணக்கில் அனுபவம். அவர் மாடத்தைப் பார்த்த பத்தாவது நிமிஷத்தில், இது இனிமேல் 'பயண அனுபவ மையம்' என்று அறிவித்துவிட்டார். கண்ணாடி முழுக்கப் படம் ஒட்டி மூடிவிட வேண்டும். உள்ளே பெரிய திரை வைத்து, விமானம் கிளம்புகிற வீடியோவை இசையோடு ஓட்ட வேண்டும்.

"நேர்ல ஃப்ளைட்டே தெரியுதே சார். அதை மறைச்சுட்டு எதுக்கு வீடியோ?" என்று சகலை கேட்டாராம்.

"நேர்ல மழை வரும், லேட் ஆகும். ஸ்க்ரீன்ல எப்பவும் கரெக்ட் டைமுக்குக் கிளம்பும்" என்றாராம் அனுபவம் சார்.

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வந்து பார்க்கிறார்கள். அதற்குள் ஒட்டி முடித்தாக வேண்டும். எங்கள் பெண்ணின் விமானம் வியாழக்கிழமை மதியம். ஒரே ஒரு நாள் தள்ளி ஒட்டச் சொல்லி சகலை மனுக் கொடுத்தார். இருபத்து மூன்று வருஷ சர்வீஸில் அவர் எழுதிய ஒரே மனு. கிணற்றில் போட்ட கல். இல்லை, அப்படிச் சொல்வது அநியாயம். பதில் வந்தது. 'தங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது' என்று, அடுத்த மாதம் இருபதாம் தேதி.

இனிமேல்தான் என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தை ஒட்டியவன் நான்தான். ஸ்டிக்கர், ஃப்ளெக்ஸ், பெயர்ப்பலகை எல்லாம் செய்கிற கடை எனக்கு. வேலை என் கடைக்கு வந்தது. முடியாது என்று சொல்கிற அளவுக்கு நான் உத்தமன் இல்லை, உத்தமனாக இருந்தாலும் அதை எதிர்க்கடைக்காரன் ஒட்டத்தான் போகிறான். நாற்பதடி அகலப் படம். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் எல்லோரும் விளம்பரப் பல் தெரிய வானத்தைப் பார்த்துக் கையாட்டுகிறார்கள். கையாட்டக் கூடாது என்ற பலகைக்குப் பக்கத்திலேயே கையாட்டுகிற படம். யாருக்கும் அது உறைக்கவில்லை.

சகலை கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, நான் கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"சகலை, வெள்ளிக்கிழமை விடியக்காலையில ஒட்டிடேன். நானும் கூட நின்னு ஒட்டித் தரேன்."

"அதுக்கென்ன, மெஷின் ரிப்பேருன்னு சொல்லிட்டாப் போச்சு" என்று மார்தட்டினேன்.

புதன்கிழமை காலை அனுபவம் சார் கடை வாசலிலேயே வந்து நின்றுவிட்டார். மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆசாமியைப் பார்த்ததும், "இதோ சார், இன்னிக்கே முடிச்சுடறேன் சார்" என்று என் வாய் சொன்னது. வீட்டில் சிங்கம், வெளியில் நான் இப்படித்தான்.

அன்று மதியம் முழுக்க அந்தக் கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, ரப்பர் கட்டையால் குமிழ் இல்லாமல் தேய்த்து ஒட்டினேன். ஒவ்வொரு துண்டு ஒட்டும்போதும் வெளியே நிற்கிற விமானத்தில் ஒரு துண்டு மறைந்தது. எனக்கே என் மேல் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. கடைசியில் படத்து அம்மாவின் முகம். குழந்தை உயரத்துக்குக் குனிந்திருப்பதால் அவள் கண் ஐந்தரை அடி உயரத்தில் இருந்தது. இந்த மாதிரிப் படங்களில் கண்ணின் கருமணியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், மினுமினுப்புக்காக. அனுபவம் சார் போனில் பேச அந்தப் பக்கம் திரும்பியபோது, அந்த வெள்ளைப் புள்ளியை மட்டும் பிளேடால் வட்டமாக அறுத்து எடுத்துவிட்டேன். சட்டைப் பொத்தான் அளவு ஓட்டை. வெளி வெளிச்சம் அதன் வழியாக வந்ததில், உள்ளேயிருந்து பார்த்தால் கண் பளிச்சென்று இருந்தது.

அனுபவம் சார் திரும்பி வந்து பார்த்தார். "பிரமாதம்! அந்த அம்மா கண்ணுல என்ன ஒரு உயிர் பாருங்க!" என்றார். அந்த ஆள் அங்கே செய்த ஒரே சரியான மதிப்பீடு அதுதான்.

ஓட்டைக்கு எதற்கு இத்தனை பாடு, மதிலுக்கு வெளியே நின்று பார்க்கலாமே என்பீர்கள். மதில் மேல் ஆளுயரத்துக்குத் தகரம் அடித்து வருஷம் ரெண்டாகிறது. அதுவும் வளர்ச்சியில் சேர்த்திதான்.

வியாழக்கிழமை வாசலில் பெண்ணை வழியனுப்பினோம். அவள் தலையில் மஞ்சள் தொப்பி. "அம்மா, கடைசிப் படியில நின்னு திரும்பி, தொப்பியைக் கழட்டி மாடியைப் பாத்து ஆட்டுறேன். நீ பாத்துக்கோ" என்றாள். அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் முப்பத்தொரு படி. ஒவ்வொரு படிக்கும் முட்டியைத் திட்டினார், கட்டினவனைத் திட்டினார், இரண்டு முறை என்னையும் திட்டினார். சாவி இன்னும் சகலையிடம்தான் இருந்தது. உள்ளே ஏசிக் குளிர். திரையில் ஒரு விமானம் வயலின் வாசிப்போடு கிளம்பிக்கொண்டே இருந்தது.

அண்ணிக்கு ஓட்டை எட்டவில்லை. என் தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டேன். அதில் ஏறி, படத்து அம்மாவின் கண்ணில் தன் கண்ணை வைத்தார். ஒரு ஆள்தான் பார்க்க முடியும்.

"நீங்க பாருங்களேன் முதல்ல" என்றார் அண்ணி, கண்ணை எடுக்காமலே.

"நான் இருபத்து மூணு வருஷமாப் பாத்தவன். நீ பாரு" என்றார் சகலை. சொல்லிவிட்டு, நெற்றியில் கையை வைத்து, கண்ணைச் சுருக்கி, ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்திலேயே அழுகையும் வந்து நின்றது.

"வந்துட்டாளா?"

வாளி லேசாக ஆடியது. நான் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி, வந்துட்டாளா?"

"ம்... வரா, வரா" என்றார் அண்ணி. "நடந்துதான் வரா."

"தொப்பி?"

"தலையிலதான் இருக்கு. படி ஏறுறா. மேல நின்னுட்டா. திரும்பிட்டா. கழட்டி ஆட்டுறா."

"அழுறாளா?"

திரையில் வயலின் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

"இல்லங்க. சிரிக்கிறா."

"உள்ள போயிட்டாளா? எங்க உக்காந்தான்னு தெரியுதா?"

அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "இறக்கைக்கு முன்னாடி மூணாவது ஜன்னல்" என்றார்.

நெற்றியில் இருந்த சகலையின் கை அப்படியே நின்றது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பிறகு அந்தக் கை மெதுவாக மேலே போனது. கையசைக்கக் கூடாது என்ற பலகைக்குக் கீழே நின்றுகொண்டு, என் ஸ்டிக்கரைப் பார்த்து, அவர் நன்றாகக் கையாட்டினார்.

அண்ணியை இறக்கிவிட்டு, அவர்கள் படி வாசலுக்குப் போன பிறகு, வாளியை எடுக்கிற சாக்கில் நான் அந்தக் கண்ணில் கண்ணை வைத்துப் பார்த்தேன். தரையில் ஈ காக்கை இல்லை. படியும் இல்லை. கட்டடத்திலிருந்து விமானத்தின் வாசலுக்கு நேராக ஒரு மூடிய பாலம் நீண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பெரியவர்கள் திறந்துவைக்க வேண்டிய பாலம். ஒருநாள் முன்னாலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஏறினவர்கள் எல்லோரும் அந்தக் குழாய்க்குள்ளேயே போயிருக்க வேண்டும். இறக்கையும் அதற்கு முன்னாலிருக்கும் ஜன்னல்களும் பாலத்துக்குப் பின்னால். என் ஓட்டையிலிருந்து தெரிந்தது வாலும், சாப்பாடு ஏற்றுகிற ஒரு வண்டியும்தான்.

கோணல் தையலைப் பிரித்துத் தைக்கிற அண்ணிக்கு அந்தப் பொய்யைச் சொல்ல எத்தனை நேரம் பிடித்திருக்கும் என்று யோசித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

வாளியோடு நான் இறங்கும்போது அண்ணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பத்துப் படி கீழே போய்விட்டிருந்தார். சகலை நடுவில் நின்றார். அவர் போன் அடித்தது. பெண்தான், விமானத்துக்குள்ளிருந்து. அவள் குரல் எனக்கே கேட்டது.

"அப்பா, வெளிய விடவே இல்லப்பா. ஒரு குழாய் மாதிரி, நேரா உள்ள கொண்டுவந்து விட்டுட்டாங்க. எனக்கு நடு சீட்டுப்பா, ஜன்னல்கூட இல்ல. அம்மா பாவம், காத்துக்கிட்டே நிக்கிறாளா?"

கீழே அண்ணி நின்று, மேலே திரும்பிப் பார்த்தார். "யாரு, அவளா? என்ன சொல்றா?"

சகலை போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"தொப்பி ஆட்டினது அம்மாவுக்குத் தெரிஞ்சுதான்னு கேக்குறா" என்றார். "நல்லாத் தெரிஞ்சுதுன்னு சொல்லட்டுமா?"

அண்ணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சொல்லுங்க" என்றார். பிறகு கைப்பிடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தார்.